கொசுவும் வாளும்: ஒரு பாலன்ஸ் கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை தளேகாவில் மழை என்றால் மழை, அப்படி ஒரு மழை. லோனாவ்லாவுக்குப் போகிற மேகமெல்லாம் எங்கள் மொட்டை மாடியில் ஒரு முறை காலி செய்துவிட்டுத்தான் போகும் போல. வெளியே தலை காட்ட முடியாது. காபி டம்ளரோடு உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தேன். உள்ளே இருந்து ஹெட்போனை மேஜையில் போடுகிற சத்தம்.

"இந்த கேமே ஃபிராடுப்பா. எல்லாம் செட்டிங். நான் என்ன ஓட்டினாலும் தோக்கணும்னே வெச்சிருக்கான்."

பையன் ஒன்பதாம் வகுப்பு. 'வார் தண்டர்' என்று ஒரு விளையாட்டு. உலகம் முழுக்க இருந்து பிள்ளைகள் (பிள்ளைகள் என்ன, என் வயசு ஆட்களும்தான்) ஆளுக்கொரு போர் விமானத்தை எடுத்துக்கொண்டு வந்து வானத்தில் சண்டை போடுவார்கள். அன்று அவன் எடுத்தது எஃப்-86 சேபர். எதிரில் வந்தவன் ஏவுகணை கட்டிக்கொண்டு வந்த பிற்கால விமானம். இவன் திரும்பிப் பார்ப்பதற்குள் கதை முடிந்துவிட்டது.

"எல்லாம் செட்டிங்" என்ற வார்த்தையை அவன் எங்கே பிடித்தான் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரம் பதவி உயர்வு லிஸ்ட் வந்தது. என் பெயர் இல்லை. வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து என் மனைவியிடம் நான் சொன்னது அதே வார்த்தைதான். பையன் அப்போது சாப்பாட்டு மேஜையில் ஹோம்வொர்க் பண்ணிக்கொண்டிருந்தான். காது மட்டும் இங்கே இருந்திருக்கிறது.

"அப்படியெல்லாம் பேசக்கூடாதுடா" என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் கேட்டேன், "சரி, யாரோட யாரை மோத விடணும்னு அந்த கேம்காரன் எப்படிடா முடிவு பண்றான்?"

அவன் சொன்னதைக் கேட்டு எனக்கே சுவாரசியம் வந்துவிட்டது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு மதிப்பெண் இருக்கிறது. பேட்டில் ரேட்டிங். உன் விமானத்தின் எண்ணுக்கு ஒன்று மேலே, ஒன்று கீழே வரைதான் எதிரி வருவான். அந்த எண், விமானம் எந்த வருஷம் செய்யப்பட்டது என்பதை வைத்து வருவது இல்லை. அந்த விமானத்தை ஓட்டுகிறவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தைப் பார்த்து ஏற்றி இறக்குகிறார்கள். கெட்டிக்காரர்கள் விரும்பி ஓட்டும் சுமாரான விமானத்துக்கு எண் ஏறும். கத்துக்குட்டிகள் ஆசைப்பட்டு எடுக்கிற நல்ல விமானத்துக்கு எண் இறங்கும்.

அட, இது நம்ம சிபில் ஸ்கோர் ஆச்சே! கடன் வாங்கினவன் போன வருஷம் எப்படிக் கட்டினான் என்பதைத்தான் அது சொல்லும். அவன் வைத்திருக்கும் லாரி நல்ல லாரியா, சாலைக்கு வருமா என்று சொல்லாது. விமானத்தை எடை போடுவதாகச் சொல்லிக்கொண்டு விமானியை எடை போடுகிறார்கள். இருபது வருஷமாக லோன் ஃபைல் பார்க்கிறவனுக்கு இது புரியாமல் போகுமா?

எனக்கும் இந்தப் பைத்தியம் ஒரு காலத்தில் இருந்தது. தொண்ணூறுகளில் திருச்சியில் சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் 'சக் யேகர்ஸ் ஏர் காம்பாட்' விளையாடியிருக்கிறேன். 1991-ல் வந்த விளையாட்டு. அதில் கொரியப் போரின் சேபரும் மிக்-15-ம் மோதும். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஓட்டலாம். யேகர் நிஜ ஆள். 1947-ல் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்த அமெரிக்க விமானி. 1953-ல் ஒரு வடகொரிய விமானி மிக்-15-ஐ ஓட்டிக்கொண்டு வந்து தென்கொரியாவில் இறங்கி விட்டபோது, அதைப் பறந்து சோதித்தவர்களில் அவரும் ஒருவர். மிஷினைவிட ஓட்டுகிற ஆளின் அனுபவம்தான் பெரிசு என்பது அவருடைய கட்சி.

கட்சி சரி, ஆனால் கணக்கு முழுசா? அங்கேதான் நம்ம ஊர் சரித்திரம் வருகிறது. பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "நீ ஓட்டற சேபரை நிஜமாவே எதிர்த்து நின்னவங்க நம்மாளுங்கதான், தெரியுமா?" என்றேன். அவனுக்குத் தெரியாது. மழை நிற்கவில்லை, நெட்டும் போய்விட்டது. வேறு வழியில்லாமல் கேட்டான்.

1965 செப்டம்பர் 1. காஷ்மீரில் சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்குகள் உள்ளே வந்துவிட்டன. தரைப்படை உதவி கேட்கிறது. சாயங்கால நேரம். பதான்கோட்டிலிருந்து போனவை 45-ம் ஸ்குவாட்ரனின் வாம்பயர் விமானங்கள். வாம்பயர் முதலில் பறந்தது 1943-ல். விமானி உட்காரும் முன்பகுதி ஒட்டுப்பலகையால் செய்தது. எதிரில் வந்தவை இரண்டே சேபர்கள். ஓட்டியவர்கள் சர்ஃபராஸ் ரஃபீக்கி, இம்தியாஸ் பட்டி. அன்று நான்கு வாம்பயர்களை இழந்தோம். மூன்று விமானிகள் உயிரிழந்தார்கள். ஒருவர் பாராசூட்டில் தப்பினார்.

இதில் விமானிகளின் குறை என்று சொல்ல என்ன இருக்கிறது? அந்த விமானத்தை, அந்த இடத்துக்கு, அப்படி அனுப்பியதில்தான் குறை. யேகரே வந்து வாம்பயரில் உட்கார்ந்திருந்தாலும் அன்று பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு வாம்பயரை முன்னணிச் சண்டையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல? அன்ஃபேர்!" என்றான் பையன்.

"இருடா, முடியல."

அடுத்து பதான்கோட்டுக்கு வந்தது 23-ம் ஸ்குவாட்ரனின் நாட். நாட் என்றால் கொசு மாதிரி ஒரு சின்னப் பூச்சி. சேபர் என்றால் வாள். பெயரிலேயே பாலன்ஸ் எப்படி இருக்கிறது பாருங்கள்! டெடி பெட்டர் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர், போர் விமானங்கள் வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே போகின்றன, விலையும் ஏறிக்கொண்டே போகிறது என்று சலித்துப்போய் வரைந்த விமானம் இது. 1955-ல் முதன்முதலில் பறந்தது. பிரிட்டிஷ் விமானப்படை இதைச் சண்டை விமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. பயிற்சிக்கு மட்டும் வாங்கியது. நாம் 1956-ல் உரிமம் வாங்கி, பெங்களூர் ஹெச்ஏஎல்-லில் நாமே செய்ய ஆரம்பித்தோம்.

பி.காம் படித்தவனுக்கு ரேஷியோ பார்க்காமல் தூக்கம் வராது. நாட்டின் வெறும் எடை சுமார் 2,200 கிலோ. சேபர் சுமார் 5,000 கிலோ. அதாவது பாதிக்கும் கீழே. ஆனால் எஞ்சின் தள்ளுகிற விசையில் நாட் சேபருக்கு ஐந்தில் நான்கு பங்கு. சின்ன மூலதனம், நல்ல டர்ன்ஓவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதனால் நிமிர்ந்து மேலே ஏறுவதில் நாட் கெட்டி. இறக்கை நுனிக்கு நுனி 7 மீட்டர்கூடக் கிடையாது. கொஞ்ச தூரம் போனாலே கண்ணுக்குத் தெரியாது.

இது வரவுப் பக்கம். பற்றுப் பக்கமும் உண்டு. இரண்டே 30 எம்எம் பீரங்கிகள், அவையும் முக்கியமான நேரத்தில் சிக்கிக்கொள்ளும். எரிபொருள் கம்மி. வால் பகுதிக் கட்டுப்பாட்டில் கோளாறுகள் வரும். சேபருக்கோ ஆறு இயந்திரத் துப்பாக்கிகள். சிலவற்றில் சைட்விண்டர் ஏவுகணை வேறு. வேகம் குறைந்த நிலையில் வளைந்து திரும்புவதில் சேபர் நன்றாக நிற்கும். (என் பையனின் சேபரை ஏவுகணைக்காரன் அடித்தான். 1965-ல் அந்த ஏவுகணைக்காரனே சேபர்தான். காலம் மாறினால் ரேட்டிங்கும் மாறுகிறது.)

செப்டம்பர் 3. ஸ்குவாட்ரன் லீடர் ஜானி கிரீன் தலைமையில் ஒரு திட்டம் போட்டார்கள். மிஸ்டேர் விமானங்கள் சிலவற்றை உயரத்தில் பறக்க விட்டார்கள், எதிரி ரேடாரில் நன்றாகத் தெரியட்டும் என்று. நாட்கள் மட்டும் ரேடாரில் படாமல் மரங்களை உரசுகிற மாதிரி தாழ்வாக வந்தன. தூண்டிலில் புழு மாதிரி மிஸ்டேர். அதைப் பிடிக்க சேபர்கள் வந்ததும், மிஸ்டேர்கள் கழன்றுகொள்ள, கீழே இருந்த நாட்கள் விறுவிறுவென்று மேலே ஏறின. அந்தச் சண்டையில் ட்ரெவர் கீலர் ஒரு சேபரைச் சுட்டார். மறுநாள் வி.எஸ். பதானியா இன்னொன்றை. செப்டம்பர் 19-ல் ட்ரெவரின் அண்ணன் டென்சில் கீலரும் ஒரு சேபரை வீழ்த்தினார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் வீர் சக்ரா. நாட்டுக்கு 'சேபர் ஸ்லேயர்' என்று பட்டப்பெயர் வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. இரண்டு நாளில் நாட் மாறிவிடவில்லை, சேபரும் மாறவில்லை. சண்டை எந்த உயரத்தில், எந்தத் திசையில், யார் முதலில் பார்க்கிற மாதிரி ஆரம்பிக்கவேண்டும் என்பதை நம்மவர்கள் தீர்மானித்தார்கள். சேபருக்குச் சௌகரியமான ஆட்டத்தை ஆடாமல் நாட்டுக்குச் சௌகரியமான ஆட்டத்துக்கு இழுத்தார்கள். கேம்காரன் ரேட்டிங் போட்டுத் தருகிற பாலன்ஸை இவர்கள் தாங்களே செய்துகொண்டார்கள்.

ஆனால் வங்கிக்காரன் ஒரு பக்கத்து பாஸ்புக்கை மட்டும் பார்த்துக் கணக்கு முடிக்கக்கூடாது. ரீகன்சிலியேஷன் வேண்டும். ட்ரெவர் கீலர் சுட்ட சேபர் நிஜத்தில் விழவில்லை. அதை ஓட்டிய யூசுஃப் அலி கான் அடிபட்ட விமானத்தைத் தட்டித்தடவி சர்கோதாவில் இறக்கிவிட்டார். அதே நாளில் நம்முடைய நாட் ஒன்று கூட்டத்திலிருந்து பிரிந்து, பாகிஸ்தானில் பஸ்ரூர் என்ற ஓடுதளத்தில் இறங்கிவிட்டது. அது இப்போது கராச்சியில் அவர்களுடைய விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கொரியாவிலும் இதே கதைதான். ஒரு சேபருக்குப் பத்து மிக் என்று அமெரிக்கர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஆராய்ந்தவர்கள் அதை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். ஜெயித்த கணக்கு எப்போதும் கொஞ்சம் ஊதித்தான் இருக்கும். நம்முடையதும் சேர்த்துத்தான்.

1971-க்கு வருவோம். நவம்பர் 22, கிழக்கு எல்லையில் போய்ரா. 22-ம் ஸ்குவாட்ரன் நாட்கள் நான்கு. ராய் மாசே, கணபதி, டொனால்ட் லாசரஸ், சோரஸ் என்று நான்கு பேர். தரையில் ரேடார் திரைக்கு முன்னால் பாக்சி என்ற இளம் அதிகாரி. சேபர்கள் கீழே நம் படையைத் தாக்குவதில் மும்முரமாக இருந்த நேரத்தில், நாட்களைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது அவர்தான். சில நிமிஷங்களில் முடிந்துவிட்டது. மூன்று சேபர்களை வீழ்த்தியதாக அன்று சொன்னோம். மூன்றாவது அடிபட்டு டாக்கா பக்கம் திரும்பிப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. விழுந்த இரண்டின் விமானிகளும் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. 1997-ல் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியே ஆனார். லாசரஸ் அவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது.

என் பையனுக்கு இந்தக் கடிதம்தான் ரொம்பப் பிடித்தது. "சுட்டவரே விஷ் பண்ணினாரா? கேம்ல செத்தா திட்டித்தான் மெசேஜ் போடுவாங்க" என்றான்.

நான்கு நாட்களும் பத்திரமாகத் திரும்பின. இதில் பாக்சியின் பெயரை யார் நினைவில் வைத்திருக்கிறோம்? எங்கள் கிளையிலும் கவுண்டரில் உட்காருகிறவர் முகம்தான் எல்லோருக்கும் தெரியும். பின்னால் இருட்டு அறையில் கிளியரிங் பார்த்தவரை யாருக்கும் தெரியாது. அவர் இல்லாமல் ஒரு நாள் கணக்கு டேலி ஆகாது.

டிசம்பர் 14, ஸ்ரீநகர். 18-ம் ஸ்குவாட்ரனின் நிர்மல்ஜித் சிங் சேகான். ஆறு சேபர்கள் விமான தளத்தைத் தாக்க வந்தன. குண்டுகள் ஓடுதளத்தில் விழுந்துகொண்டிருக்கும்போதே தன் நாட்டைக் கிளப்பினார். தன்னந்தனியாகச் சண்டை போட்டார். திரும்பவில்லை. விமானப்படையில் பரம்வீர் சக்ரா வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். இங்கே தந்திரம் பண்ண நேரமே கிடைக்கவில்லை. பாலன்ஸ் இல்லை என்று தெரிந்தேதான் அவர் ஏறினார். இதைச் சொல்லும்போது பையன் ஒன்றும் பேசவில்லை. நானும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

யேகர் கதைக்கும் ஒரு வால் இருக்கிறது. 1971-ல் அவர் இஸ்லாமாபாத்தில் அமெரிக்க ராணுவப் பிரதிநிதி. டிசம்பரில் நம் 20-ம் ஸ்குவாட்ரன் ஹண்டர் விமானங்கள் சக்லாலா விமான தளத்தைத் தாக்கியபோது, அங்கே நின்ற அவருடைய சின்ன விமானமும் எரிந்துபோனது. மனுஷர் ரொம்ப நாள் அந்தக் கோபத்தில் இருந்தார். அந்தத் தாக்குதலில் போனவர்களில் ஒருவர் கடற்படையிலிருந்து வந்து பறந்த அருண் பிரகாஷ். 2004-ல் கடற்படைத் தளபதி ஆனவர். அந்த 20-ம் ஸ்குவாட்ரன்தான் 2002-ல் நம்ம புனே லோஹேகாவில் முதல் சுகோய்-30 எம்கேஐ விமானங்களை வாங்கிக்கொண்டது. பையன் கிண்டர்கார்டனில் இருந்தபோது விமான நிலையம் போகும் வழியில் காதைப் பொத்திக்கொண்டு பார்த்த விமானங்கள் அவை.

புனே என்றதும் இன்னொரு கணக்கும் ஞாபகம் வந்தது. 2004 பிப்ரவரி, குவாலியர். கோப் இந்தியா கூட்டுப் பயிற்சி. அமெரிக்காவின் எஃப்-15-க்கும் நம் விமானங்களுக்கும் போலிச் சண்டை. 1997-ல் லோஹேகாவில் படையில் சேர்ந்த சுகோய்-30கே ரகம், மிக்-21 பைசன், மிராஜ் எல்லாம் இருந்தன. அமெரிக்கர்கள் 90 சதவீதத்துக்கு மேல் தோற்றார்கள் என்று அவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரே சொன்னதாகச் செய்தி வந்தது. நாமெல்லாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம்.

ஃபைன் பிரிண்ட்டைப் படிக்க வேண்டாமா? பல ஆட்டங்களில் நான்கு எஃப்-15-க்கு எதிராகப் பத்துப் பன்னிரண்டு இந்திய விமானங்கள். அமெரிக்கர்களின் தொலைதூர ஏவுகணையை முழுசாகப் பயன்படுத்தக்கூடாது என்று நிபந்தனை. கூடவே இன்னொன்று. அந்தச் சமயம் அமெரிக்க விமானப்படை புது எஃப்-22 விமானத்துக்கு நிதி கேட்டுக்கொண்டிருந்தது. தோற்றதாகச் சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு லாபம் இருந்தது! நஷ்டக் கணக்கு காட்டி கடன் கேட்டு வருகிற பார்ட்டியை நான் பார்க்காததா? அதற்காக நம் விமானிகள் சாமானியம் என்று ஆகிவிடாது. அவர்கள் எதிர்பார்த்ததைவிட நம்மவர்கள் கெட்டிக்காரர்கள் என்று வந்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். ரூல் யார் எழுதினார்கள் என்று பார்த்த பிறகுதான் ஸ்கோரைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. பையன் கேட்டான், "அப்ப நான் சொன்னது சரியா தப்பாப்பா? செட்டிங்கா இல்லையா?"

யோசித்துத்தான் சொன்னேன். "சில நாள் வாம்பயர் நாள்டா. அன்னிக்கு உன் மேல தப்பு கிடையாது, அனுப்பினவன் மேலதான் தப்பு. அங்கே நின்னு வீரம் காட்டறதுல அர்த்தம் இல்ல, விலகி வந்துடணும். சில நாள் நாட் நாள். பார்த்தா அதுவும் அன்ஃபேர் மாதிரிதான் இருக்கும். ஆனா உன் விமானத்துக்கு எது நல்லா வரும்னு கண்டுபிடிச்சு, ஆட்டத்தை அங்க இழுத்துட்டுப் போக முடியும். எது எந்த நாள்னு தெரிஞ்சுக்கறதுதான் கஷ்டம்."

"உங்க புரமோஷன் எந்த நாள்?"

கேட்டானே ஒரு கேள்வி! சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு உண்மையிலேயே பதில் தெரியவில்லை. இன்டர்வியூவில் நான் தடுமாறிய இரண்டு கேள்விகள் மட்டும் ஞாபகத்துக்கு வந்தன. அதை இதுவரை வீட்டில் சொல்லவில்லை. அன்று சொன்னேன்.

கடைசியாக ஒன்று. நம்ம கோயம்புத்தூர் பக்கம் சூலூருக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். பெங்களூரில் நாமே செய்த தேஜஸ் விமானத்தின் முதல் ஸ்குவாட்ரன் 2016-ல் உருவாகி 2018-ல் சூலூருக்கு வந்தது. இரண்டாவது ஸ்குவாட்ரன் 2020 மே 27-ல் சூலூரிலேயே தொடங்கியது. இரண்டுக்கும் புது எண் கொடுக்கவில்லை, பழைய எண்களையே கொடுத்தார்கள். முதலாவது 45. சம்பில் வாம்பயர்களை இழந்த அதே 45. இரண்டாவது 18. சேகானின் 18.

அடுத்த லீவுக்குத் திருச்சி போகும்போது சூலூர் வழியாகப் போகலாமா என்று பையன் கேட்கிறான். சுற்று வழிதான். போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.